பிஸ்கட் தகரமும் என் இடது காலும்

பெரட்டுக் களத்தின் ஒரு கோடியில் நான் நிற்கிறேன். மறு கோடியில் பெரிய துரை நிற்கிறார். நடுவில் வெறும் ஈர மண். இரண்டு பக்கமும் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

விடிந்தும் விடியாத நேரம். பனி மூட்டம் இன்னும் தேயிலை அரைக்கிற ஸ்டோர் கூரையை விட்டு எழும்பவில்லை. பெண்களின் முதுகில் காலிக் கூடை, இடுப்பில் பிள்ளை. அன்றாடம் வேலைக்குப் பெயர் கொடுத்து மலைக்குப் பிரிந்து போகிற இடம் அது. அங்கே யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. அன்றைக்கு வந்திருந்தார்கள். அதற்குக் காரணம் நான்தான் என்று அத்தனை பேரும் நம்பினார்கள்.

துரை பிரம்பை ஆட்டினார். "நீ! ஆயா! இங்கே வா!"

அவருக்குத் தமிழில் வா, போ, வெட்டு என்கிற மூன்று சொற்கள்தான் நன்றாக வரும். அன்று அந்த மூன்றாவது சொல்லைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை முதல் நாளே காதில் போட்டிருந்தார். பெயரை வெட்டினால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். மூலையில் இருமிக்கொண்டு கிடக்கிற அப்பாவைக் கூட்டிக்கொண்டு நான் எந்த ஊருக்குப் போவேன்? எனக்கு ஏது ஊர்?

துரை நின்ற இடம் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் அத்தனை கண்ணும் பார்க்க, தனியாக, குறுக்கே நான் நடக்க வேண்டும். சாகச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

என்னை அங்கேயே நிறுத்திவிட்டு, நான் அந்த இடத்துக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். துரை கொஞ்சம் காத்திருக்கட்டும். அவர் காலத்தில் நாங்கள் எவ்வளவோ காத்திருந்தோம்.

தொட்டில் வரிசை

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பெயர் பாக்கியம். கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கொழுந்து எடுக்கப் போன இடத்தில் அடைமழையில் சறுக்கி, கூடையோடு மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் உருண்டு, இடது காலை முறித்துக்கொண்டவள். எலும்பு சேர்ந்தது, கோணலாகச் சேர்ந்தது. கால் நீளம் குறைந்து கட்டையாகிப் போனது. எனக்குப் பேசி வைத்திருந்த மாமன் வீட்டார் வந்து பார்த்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், "ஒடம்பப் பாத்துக்கம்மா" என்றார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அந்தக் கதையைப் போன வாரமே அழுது தீர்த்துவிட்டேன். இந்த வாரம் அழப்போவதில்லை. ஒரே ஒரு இடத்தைத் தவிர.

மலை ஏற முடியாதவளுக்குத் தோட்டம் பார்த்துக் கொடுத்த வேலை, பிள்ளைக் காம்பரா ஆயா. தாய்மார் மலைக்குப் போகும்போது பால்குடிகளையும் தத்தித் தடுமாறி நடக்கிறதுகளையும் விட்டுப் போகும் அறை அது. லயத்துக் கோடியில் தகரக் கூரையும் சிமிந்தித் தரையுமாக இருக்கும். கதவைத் திறந்தால் பாலும் மூத்திரமும் விறகுப் புகையும் ஈரக் கம்பளியும் சேர்ந்த ஒரு வாசனை முகத்தில் அடிக்கும். இன்றைக்கும் மழை நாளில் நனைந்த கம்பளியை யாராவது உதறினால் எனக்கு மார்பு கனத்துப் போகும். பெறாத எனக்கே அப்படி என்றால் பெற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

எனக்கு முன்னால் இருந்த ஆயா, உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில் கட்டி, நடக்கிற பிள்ளையையும் அதில்தான் போட்டு வைப்பார். எட்டிக் குதிக்காமல் இருக்க மேலே ஒரு முடிச்சு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் கஞ்சி கொதிக்கிற அடுப்பு, கதவுக்கு வெளியே தண்ணீர் ஓடுகிற கான். இரண்டு கையை வைத்துக்கொண்டு அத்தனை பிள்ளையை யார் காப்பாற்ற முடியும்? ஆனால் நாள் முழுக்கத் தொங்கிக் கிடந்த பிள்ளைகளின் கால்கள் முருங்கைக்காய் மாதிரி இருந்தன. இறக்கிவிட்டால் நிற்கத் தெரியாமல் பொத்தென்று உட்கார்ந்துவிடும்.

எனக்குக் கால்கள் மீது ஒரு தனிக் கவனம் உண்டு. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே முடிச்சுகளை அவிழ்த்து எல்லாரையும் தரையில் இறக்கினேன். சாக்கை விரித்து உட்கார வைத்தேன். அடுப்புக்கு முன்னால் பலகையைக் குறுக்கே வைத்தேன்.

ஆகா, நல்ல வேலை செய்தாய் பாக்கியம்! ஒன்று அழுதது. அதைப் பார்த்து அடுத்தது அழுதது. அம்மா போன பாதையைப் பார்த்து மொத்தக் கூட்டமும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதது. கூரை பறந்துவிடும் போல இருந்தது.

நானா கொடுத்த தகரம்

கந்தப்பளை டவுனில் முஸ்லிம் நானா ஒருவர் கடை வைத்திருந்தார். பிஸ்கட் வருகிற பெரிய சதுரத் தகரம் காலியானால் எடுத்து வைத்திருந்து, "ஆயா, புள்ளைகளுக்கு அரிசி போட்டு வைங்க, எலி வராது" என்று கொடுத்துவிடுவார். அப்படி வந்த ஒரு தகரத்தின் மூடி, அந்த அழுகைக்கு நடுவில், மூடமாட்டேன் என்று அடம்பிடித்தது. எனக்கு எரிச்சல் தலைக்கேறி, மூடியை ஓங்கி நாலு தட்டுத் தட்டினேன்.

அழுகை பட்டென்று நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். மூக்கு ஒழுக, கண்ணில் தண்ணீரோடு அத்தனையும் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மறுபடி தட்டினேன். எங்கள் லயத்துப் புஷ்பக்கா மகள் செல்வி, அப்போது பேச்சுக்கூட சரியாக வராது, இருந்த இடத்திலேயே முட்டியை மடக்கி மடக்கி மேலும் கீழும் ஆடினாள். பக்கத்தில் இருந்த கோபால் கையைத் தட்டினான். கை கையில் படாமல் மூக்கில் பட்டது. அதற்கும் சிரித்தான்.

அன்றிலிருந்து தகரம்தான் எனக்குத் துணை. கஞ்சிக்கு முன்னால் ஒரு ஆட்டம், கஞ்சிக்குப் பின்னால் ஒரு ஆட்டம். வட்டமாக நிற்க வைத்து, நான் நடுவில் தகரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பாட்டாகக் கட்டிப் பாடுவேன்.

"கூடை கூடை கொழுந்துக் கூடை,
குனிஞ்சு வாங்க குட்டிக் கூடை!
தட்டு தட்டு தகரத்தைத் தட்டு,
தாவி வந்தா வாயில லட்டு!"

லட்டுக்கு எங்கே போவது! வெல்லக்கட்டியைக் கிள்ளி வாயில் வைப்பேன். ரயில் ஆட்டம் ஒன்று உண்டு. முன்னால் நிற்கிற பிள்ளையின் பனியனைப் பின்னால் நிற்கிற பிள்ளை பிடித்துக்கொள்ள வேண்டும். நான் எஞ்சின். "வட்டகொடை! வட்டகொடை! எறங்குறவங்க எறங்குங்க!" என்று கத்தினால் எல்லாம் தொப்பென்று உட்காரும். எவனாவது ஒருத்தன் இறங்க மறந்து தனியே போய்ச் சுவரில் முட்டுவான்.

நான் ஆடியதற்குப் பெயர் கிடையாது. சின்ன வயதில் மாரியம்மன் கோவிலில் அடித்த கும்மிதான். காலுக்கு எது முடிந்ததோ அதை ஆடினேன்.

எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர் பிள்ளை போன மாதம் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, சின்னப் பிள்ளைகளுக்கு இசையும் அசைவும் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு ஒரு மணி நேரம் விளக்கினாள். "அப்படியாம்மா?" என்று கேட்டுக்கொண்டேன். நல்ல பிள்ளை. அவள் சொன்னது எல்லாம் சரிதான். எனக்கு மட்டும் அப்போதே யாராவது இதைச் சொல்லியிருந்தால், இன்னும் கொஞ்சம் தைரியமாகத் தட்டியிருப்பேன்.

ஏனென்றால் தாய்மாரில் சிலருக்குப் பிடிக்கவில்லை. பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வரும்போது, "என்னா ஆயா, புள்ளைக்காம்பராவா கூத்துக் கொட்டகையா?" என்பார்கள். ஆனால் மாலையில் பிள்ளை தானாக நடந்து வந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது வாயடைத்துப் போவார்கள். செல்வி முதன்முதலாகப் படியிறங்கி அம்மாவை நோக்கி ஓடிய நாளில், புஷ்பக்கா கூடையைக்கூட இறக்காமல் அவளை வாரி எடுத்தாள். "பாக்கியம், நீ நல்லா இருப்படி" என்றாள். என்னை யாராவது அப்படிச் சொல்லி அப்போது ரொம்ப நாளாகியிருந்தது.

அந்த வருஷத்துப் பயம்

அப்புறம் அந்தக் கெட்ட காலம் வந்தது. நாட்டில் இளம்பிள்ளை வாதம் பரவுகிறது என்று பேச்சு. கிளாக்கரய்யா வீட்டு ரேடியோ சொன்னதை அவர் வீட்டு வேலைக்காரப் பெண் லயத்தில் சொல்வாள். அவள் சொன்னதை மற்றவர்கள் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வார்கள். வலப்பனைச் சந்தைக்குப் போய் வந்த ஒருவர், நேற்று ஓடிய பிள்ளை இன்று காலைத் தூக்க முடியாமல் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றார். பார்த்தாரோ, கேட்டாரோ. வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. மஞ்சள் துணியில் காசு முடிந்து மாரியம்மாளுக்கு நேர்ந்துகொண்டார்கள்.

அந்தப் பயத்தோடு பயமாக ஒரு சாயங்காலம், புஷ்பக்கா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். செல்வி வாசலிலிருந்து அடுப்பை நோக்கி நடந்து வந்தாள். புஷ்பக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை இடது காலை இழுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தாள்.

ரொட்டி கருகியது. புஷ்பக்கா போட்ட கூச்சலில் லயமே வெளியே வந்தது. அடுத்த காம்பராக்காரி தன் மகன் கோபாலை இறக்கி, "நட சாமி, நட" என்றாள். அவனும் காலை இழுத்தான். அதற்கடுத்த வீட்டுப் பிள்ளையும் இழுத்தது. எல்லாருக்கும் அதே இடது கால்.

சில நேரம் இழுத்தார்கள், சில நேரம் நன்றாகத்தான் ஓடினார்கள். ஆனால் ஓடியதை யார் பார்த்தார்கள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் அவர்களைக் கேலி செய்யவில்லை. அந்த நேரத்தில் நான் தாயாக இருந்திருந்தாலும் அதே கூச்சல்தான் போட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் எல்லாரையும் தூக்கிக்கொண்டு மருந்துக் காம்பராவுக்கு ஓடினார்கள். எங்கள் டாக்டரய்யா யாழ்ப்பாணத்துக்காரர். உண்மையில் அவர் மருந்து கலந்து கொடுக்கிறவர்தான், ஆனால் எங்களுக்கு அவர்தான் பெரிய டாக்டர். நிதானமான மனிதர். ஒவ்வொரு பிள்ளையாக மேசையில் உட்கார வைத்து முட்டியில் தட்டிப் பார்த்தார், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "நடந்து காட்டு ராசா" என்றார். ஊசி போடுகிறவரைக் கண்டு எந்தப் பிள்ளை நடந்து காட்டும்? அத்தனையும் தாய் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறின.

"காய்ச்சல் இல்லை. எண்டாலும் எனக்கு மனம் கேக்கேல்லை" என்றார் அவர். "பிள்ளைக் காம்பராவைப் பூட்டுங்கோ. பிள்ளையளை ஒண்டோட ஒண்டு சேர விடாதேங்கோ. பெரியாஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பிறன்."

அவர் செய்தது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன்.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "பயப்பிடாமல் சொல்லும் பிள்ளை. ஆரையும் எங்கையாவது விழுத்தினீரோ?"

"இல்லைங்கய்யா. சாமி சத்தியமா இல்லைங்க."

"குடுக்கிற பால், கஞ்சி?"

"நானும் அதத்தாங்க குடிக்கிறேன்."

அவர் என்னை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாசலில் நின்ற தாய்மார் நம்பவில்லை. நான் வெளியே வந்தபோது அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்கள்.

ஒட்டுவாரொட்டி

முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் சொன்னார்கள். நொண்டி கையால் பால் குடித்த பிள்ளை நொண்டாமல் என்ன செய்யும்? அவள் தோஷம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. எல்லாப் பிள்ளைக்கும் இடது கால், அவளுக்கும் இடது கால், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

புஷ்பக்கா என் வாசலுக்கே வந்துவிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எம்புள்ளைய என்னாடி செஞ்ச?"

"அக்கா, நான் ஒன்னும் செய்யலக்கா..."

"இனிமே அந்தக் கையால எம்புள்ளையத் தொடாத! நீ அங்க இருக்குற வரைக்கும் எவளும் புள்ளைய விட மாட்டோம். தொரைக்கிட்டயே சொல்லிட்டோம்!"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. யார் வாய்க்கும் ஈடு கொடுக்கிற நான், அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஏன் தெரியுமா? எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் கொடுமை. என் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கைதானே செல்வி காலைப் பிடித்து எண்ணெய் தேய்த்தது? இந்த மடியில்தானே கோபால் தூங்கினான்?

"அப்பா, என்னால இருக்குமாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா போர்வைக்குள்ளிருந்து இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "கால் ஒடஞ்சது ஒட்டுவாரொட்டியாக்கும்? சொறி செரங்கா அது? பேசாம எந்திரிச்சுத் தேத்தண்ணிய வையி."

வைத்தேன். ஆனால் குடிக்க முடியவில்லை.

காம்பரா பூட்டியே கிடந்தது. தாய்மார் பாதிப் பேர் வேலைக்குப் போகவில்லை. மலையில் கொழுந்து முற்ற ஆரம்பித்தது. கொழுந்து முற்றினால் எந்தத் துரை சும்மா இருப்பார்? பிள்ளைகளுக்கு என்ன என்பது அவருக்குப் பெரிய கேள்வியாக இருக்கவில்லை. ஆயாவை மாற்றினால் பெண்கள் மலைக்குப் போவார்கள், அவ்வளவுதான் கணக்கு. பெரியாஸ்பத்திரியிலிருந்து ஆள் வருவதற்கு முன் டாக்டரய்யா இன்னொரு முறை பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லாரும் பிள்ளைகளோடு பெரட்டுக்கு வரட்டும், இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று உத்தரவு வந்தது.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தக் களத்தில் நான் நின்றது இப்படித்தான்.

குறுக்கே ஒரு நடை

"வா! சீக்கிரம் வா!" என்றார் துரை.

சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டேன். தலையை நிமிர்த்தவில்லை. நடக்க ஆரம்பித்தேன். வலது கால் ஊன்றி, இடது கால் இழுத்து, ஒரு பக்கம் சாய்ந்து. வலது, இழுப்பு, சாய்வு. ஈர மண்ணில் என் கால் இழுபடுகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. தூரத்தில் ஸ்டோர் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பாதி தூரம் போயிருப்பேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிரிங்க, நல்லாச் சிரிங்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இன்னொரு சிரிப்பு கேட்டது. பிறகு ஆம்பளைகள் பக்கத்திலிருந்து பெரிய சிரிப்பு. அடப்பாவிகளா, ஒருத்தி பிழைப்பு போகிற நேரத்தில் உங்களுக்கு என்னடா சிரிப்பு? போதாததற்குப் பெண்களும் சிரித்தார்கள். போகிறதுதான் போகிறோம், இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டே போவோம் என்று வெடுக்கெனத் திரும்பினேன்.

எனக்குப் பின்னால் செல்வி வந்துகொண்டிருந்தாள்.

வலது காலை ஊன்றி, இடது காலை இழுத்து, ஒரு பக்கம் சாய்ந்து. முகத்தில் அவ்வளவு மும்முரம். அவள் கவுனைப் பிடித்துக்கொண்டு கோபால். அவன் பனியனைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னும் இன்னும். பல நாளாக என்னைப் பார்க்காத பிள்ளைகள், தாய் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, வால் பிடித்த மாதிரி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் என் நடைதான். என் சாய்வுதான். நான் கும்மியில் கை தட்டுகிற இடம் வந்ததும் செல்வி நின்று தட்டினாள். உடனே எல்லாரும் தட்டினார்கள். கோபாலுக்கு இப்போதும் கை மூக்கில்தான் பட்டது.

நான் நின்றேன். அவர்களும் நின்றார்கள். நம்ப முடியாமல் ஒரு அடி வைத்தேன். அவர்களும் வைத்தார்கள்.

"அய்யோ!" என்று கத்தியது புஷ்பக்காதான். "அய்யோ, இது நம்ம பாக்கியம் நடை! புள்ள வீட்டுலயும் இப்படித்தானே நடந்துச்சு!"

டாக்டரய்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து இனிப்பு ஒன்றை எடுத்துக் காட்டி, "செல்வி, இஞ்ச ஓடி வா பாப்பம்!" என்றார்.

செல்வி இனிப்பைப் பார்த்தாள். என் நடையை அங்கேயே போட்டுவிட்டு, இரண்டு காலாலும் குடுகுடுவென்று அவரை நோக்கி ஓடினாள். இழுப்பும் இல்லை, சாய்வும் இல்லை. மற்றவையும் சும்மா இருக்குமா? இனிப்பு என்றதும் அத்தனையும் ஓடின.

டாக்டரய்யா கொழுந்து நிறுக்கிற மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் வீட்டில் கைப்பிள்ளை ஒன்று இருந்தது. அந்த மனிதர் எத்தனை நாள் தூங்காமல் இருந்தாரோ.

நான் அழுவேன் என்று சொன்ன இடம் இதுதான். என் கையில் தோஷம் இல்லை. நான் பிள்ளைகளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அது மனதில் இறங்கியது. துரை முன்னால் என்றும் பார்க்கவில்லை, ஈர மண் என்றும் பார்க்கவில்லை. உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

இனிப்பு கிடைக்காத பிள்ளைகள் திரும்பி வந்தன. நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தன. ஆகா, இது புது ஆட்டம் என்று நினைத்தன போல. என்னைச் சுற்றித் தொப்புத் தொப்பென்று உட்கார்ந்து, எல்லாம் முகத்தை மூடிக்கொண்டு, "ஊ... ஊ..." என்று அழுது காட்டின. நடுநடுவே விரல் இடுக்கில் நான் சரியாக அழுகிறேனா என்று பார்த்துக்கொண்டன. எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து புரையேறிவிட்டது.

ஒரு பிள்ளையையும் தூக்கிக் கொஞ்சாத, ஒருவரிடமும் அன்பாக ஒரு சொல் சொல்லி நாங்கள் கேட்டிராத அந்தத் துரை, பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டார். கணக்கப்பிள்ளை என் காலைக் காட்டினார், பிள்ளைகளைக் காட்டினார், தகரம் தட்டுகிற மாதிரி கையால் செய்து காட்டினார். துரையின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

"வெட்டு இல்லே" என்றார் என்னிடம். "நீ போ. கதவு தெற."

புஷ்பக்கா

சங்கு ஊதியது. மலைக்குப் போகிறவர்கள் மலைக்குத் திரும்பினார்கள். தாய்மார் ஒவ்வொருவராக வந்து, என் முகத்தை நேராகப் பார்க்காமல், பிள்ளையின் கையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். "கஞ்சி கொஞ்சம் தண்ணியா குடுங்க ஆயா" என்றாள் ஒருத்தி. மன்னிப்பு கேட்பது எங்கள் லயத்தில் அப்படித்தான்.

புஷ்பக்கா மட்டும் நகரவில்லை. செல்வியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவள் என் வாசலில் சொன்னது என் நெஞ்சில் அப்படியே இருந்தது. அவளே கேட்கட்டும் என்று நானும் நின்றேன்.

"கூட்டிக்கிட்டுப் போ" என்றாள் கடைசியில்.

"நான் தொடலாமாக்கா?"

அவள் உதடு கோணியது. நான் விடுவதாக இல்லை. என் குணம் அப்படி.

"இன்னைக்கும் தகரம் தட்டுவேன். இன்னைக்கும் ஆடுவேன். எனக்கு இருக்குற காலு இதுதான், இதால எப்படி ஆட முடியுமோ அப்படித்தான் ஆடுவேன். நாளைக்கு ஒம்மக அதே மாதிரி நடந்தா திரும்ப வந்து கத்துவ. இப்பவே சொல்லிட்டுப் போ. அவ எப்படி நடக்கணும்?"

புஷ்பக்கா குனிந்தாள். செல்வியின் கவுனில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினாள். மூக்கைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். தட்டுவதற்கு இனிச் சேறே இல்லை என்றான பிறகுதான் பேசினாள். என்னிடம் பேசவில்லை. மகளிடம் பேசினாள்.

"போ தங்கம்" என்றாள். "ஆயா மாதிரியே நட."